ஒட்டுவிரலும் தோல் கணக்கும்

சில பிள்ளைகள் விரல்கள் ஒட்டியபடி பிறக்கின்றன. கிரகணத்தையோ தாயையோ நாம் பழிக்கலாகாது. கருவில் 6 முதல் 8 வாரங்களில் பிரியவேண்டிய விரல்கள் பிரியாமையே காரணம்.

நேராக வெட்டிப் பிரித்தால் என்ன? கணக்கெழுதும் எமக்கு விடை எளிது: கையிருப்புப் போதாது! சேர்ந்திருந்த விரல்களின் தோல், பிரிந்த இரண்டையும் மூடாது. நேரான தழும்பும் பிள்ளை வளர வளர விரலை இழுத்து வளைக்கும். ஆகவே வைத்தியர்கள் நெளிநெளியாக வெட்டி, புறங்கைத் தோல் மடலொன்றை அடி அறாமல், இரத்தவோட்டத்துடன் மடித்து விரலிடுக்கை அமைப்பர். குறைவதை வேறிடத்துத் தோலால் நிரப்புவர்.

பெரும்பாலும் 1 முதல் 2 வயதுக்குள் இச்சத்திரசிகிச்சை நடக்கும். பெருவிரலும் சுட்டுவிரலும், அல்லது மோதிரவிரலும் சின்னவிரலும் ஒட்டியிருந்தால் நீளமான விரல் வளைந்துவிடும், முன்னதாகவே பிரிக்கவேண்டும். எனவே துரொண்ட்ஹெய்ம் பெற்றோரே, பிள்ளையின் கையை மறைக்காமல் குடும்ப வைத்தியரிடம் காலத்தோடு காட்டுவோம்.