கடலை வேரில் என்ன முடிச்சு?

கடலை பிடுங்கும் நாளில் செடியைத் தூக்கி உதறினால் முதலில் கண்ணில் படுவது காய். அடுத்தது வேரில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன உருண்டைகள். "வேர்ல புழு விழுந்துடுச்சு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். திருவள்ளூர் மாவட்டத்து மணற்பாங்கான கொல்லைகளில் நூற்புழுவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

நம்பிக்கை: முடிச்சு இருந்தால் நூற்புழு.
கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். வேரின் பக்கவாட்டில் மணிபோல ஒட்டியிருந்து, தள்ளியதும் உதிர்ந்தால் அது ரைசோபியம் பாக்டீரியாவின் வீடு. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுப்பது அதுதான். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். வேர்முடிச்சு நூற்புழு உண்டாக்குவது வேரின் வீக்கம். வேரைப் பிய்க்காமல் அதைப் பிய்க்க முடியாது. அதற்குள் குந்தியிருக்கும் ஒரு பெண் புழு, பசைப் பொதியில் சில நூறு முட்டைகள் இடும்.

நம்பிக்கை: முடிச்சு இல்லை, அதனால் நூற்புழுவும் இல்லை.
வடக்கே ஆந்திர எல்லையைத் தாண்டினால் காளஹஸ்தி. 1970களின் நடுவில் அந்த வட்டாரத்துக் கடலையில் காய் சிறுத்தது, ஓடும் காம்பும் கறுத்தன. 'காளஹஸ்தி நோய்' என்றே அதற்குப் பெயர் வந்தது. காரணம் டைலென்கோரிங்கஸ் வகை நூற்புழு. அது முடிச்சுப் போடாது. இதைத் தாங்கும் ரகமாக வந்ததுதான் திருப்பதி 3.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய நிலத்தில் காய் கறுத்தால் பழி நேரே புகைபோக்கிக்குப் போகும். ஆலைகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஓட்டின் கறுப்பை மட்டும் பார்த்து இது புகையா புழுவா என்று சொல்லிவிட முடியாது.

நம்பிக்கை: நூற்புழு எல்லாமே பகை, குருணை மருந்து போட்டு ஒழிக்க வேண்டும்.
எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். உலகத்தின் மேல்மண்ணில் இருக்கும் நூற்புழுக்களை 2019இல் கணக்கிட்டார்கள்: 44க்குப் பின்னால் 19 சுழி. அத்தனையும் வேரைக் குடித்தால் பூமியில் புல்கூட மிஞ்சாது. பல வகைகள் பாக்டீரியாவைத் தின்று, மிஞ்சிய தழைச்சத்தைப் பயிர் எடுத்துக்கொள்ளும் வடிவில் மண்ணில் கழிக்கின்றன. பூஞ்சையைத் தின்பவை உண்டு, சக நூற்புழுவையே விழுங்குபவையும் உண்டு. குருணை இவற்றில் ஆள் பார்த்து அடிப்பதில்லை.

ஆலைப் பக்கத்து மண்ணுக்கு இவை சாட்சியும் சொல்லும். உலோகக் கழிவு சேர்ந்தால், மெதுவாகப் பெருகும் பெரிய வகைகள் முதலில் காணாமல் போகும்; சட்டென்று பெருகும் பாக்டீரியா தின்னிகள் தங்கிவிடும். எந்த வகை எவ்வளவு என்று எண்ணி மண்ணின் நிலையை மதிப்பிடும் முறையை நெதர்லாந்தின் டாம் போங்கர்ஸ் 1990இல் வகுத்தார்.

மண்ணை நூற்புழுச் சோதனைக்குக் கொடுப்பதானால் ஒன்று. உரச்சத்துச் சோதனைக்கு மண்ணை நிழலில் உலர்த்தித் தருவோமே, அந்தப் பழக்கம் இங்கே ஆகாது. வேரோடு ஈரமண்ணாக எடுத்து, பாலிதீன் பையில் கட்டி, வெயில் படாமல் கொண்டுபோக வேண்டும். வண்டி டிக்கியில் வெந்த மண்ணில் எண்ணுவதற்கு உயிர் எதுவும் இருக்காது.