மகளும் மக்களும்



மைக் முன்னால் புதிதாக உட்காருகிறவர்களை ஒரு பழக்கம் பிடித்துக்கொள்கிறது. தெளிவாகப் பேச வேண்டுமென்று ஒவ்வொரு வல்லின எழுத்தையும் அழுத்துகிறார்கள். ‘முகம்’ என்றால் ககரம் கல்லாக விழுகிறது. அந்த அழுத்தம்தான் தெளிவைக் கெடுக்கிறது என்பது என் கட்சி. தமிழில் ககரமோ டகரமோ எவ்வளவு வலிக்கும் என்பதை அது நிற்கும் இடமே தீர்மானிக்கிறது. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வலிக்கும். இரண்டு உயிர்களுக்கு நடுவே தனித்து வந்தால் தளர்ந்துவிடும். தொண்டையில் விரலை வைத்து ‘பாட்டு’ என்று சொல்லிப் பார்: நடுவில் ஒரு கணம் அதிர்வு அறுந்துபோகும். ‘பாடு’ என்று சொல், அறுவதே இல்லை. ‘முகம்’ சொல்லும்போது அடிநாக்கு அண்ணத்தை நெருங்குகிறதே தவிர அடைப்பதில்லை. மூச்சு உரசிக்கொண்டு நழுவிவிடுகிறது. கதை–கத்தை, படம்–பட்டம், மகள்–மக்கள் எல்லாம் காதில் பிரிவது இந்தத் தளர்வாலும்தான். ககரத்தை அழுத்தினால் மகள் பாதி வழியிலேயே மக்களாகிவிடுவாள்.

இலக்கணம் இவற்றை வல்லினம் என்கிறதே என்பாய். அது எழுத்துக் குடும்பத்தின் பெயர். எங்கும் ஒரே ஒலி என்ற கட்டளை இல்லை. மொழியறிஞர் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இந்த ஒலிமாற்றத்தை ஒரு விதியாகவே எழுதினார். இது வெறும் நாச்சோம்பல் என்றும் சிலர் சொல்வார்கள். சோம்பல் என்றால் ‘பக்கம்’ ஏன் தளரவில்லை? பிற மொழிகளிலும் இந்தத் தளர்வு உண்டு: வாழ்க்கையைக் குறிக்கும் லத்தீன் ‘வீத்தா’ ஸ்பானியத்தில் ‘வீதா’ ஆனது; அதை யாரும் கொச்சை என்பதில்லை. ஆனால் தளர்வு வேறு, விழுங்குவது வேறு. ‘போகிறேன்’ என்பது ‘போறேன்’ ஆகும்போது ககரமே காணாமல் போகிறது. டப்பிங் வசனத்தில் அது அழகு, செய்தியில் கூடாது.

கனமான ஆட்சேபம் கடன்சொற்களிடமிருந்து வருகிறது. காந்தியின் ககரமும் பாரதியின் பகரமும் சொல்முதலிலேயே அதிர்கின்றன. அங்கே என் விதி செல்லாது, வழக்கே வழி. ‘சபாபதி’யைப் பார்: முதல் பகரம் தளர்கிறது, ‘பதி’ தனிச்சொல்லாக வந்து ஒட்டியதால் இரண்டாவது வலிக்கிறது. இப்படிப்பட்ட பெயர்களை எழுத்தை நம்பி வாசிக்காதே. ஒலிப்பதிவுக்கு முன்பே தெரிந்தவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்.