பயந்தாங்கொள்ளிக்கு ஒரு வீடு

பாலையூற்று,
திருகோணமலை.

அன்புள்ள மகளுக்கு,

லூர்து அன்னை திருத்தலத்து மதிலோரம் மழைக்கு ஒதுங்கிக் கிடந்த அந்தச் செம்பட்டை நாயை நீ வீட்டுக்குத் தூக்கிவந்து ஒன்பது கிழமைகள் சென்றும் அது கட்டிலின் அடியை விட்டு வெளிவர மறுக்கிறதென்றும், பார்க்க வந்த மூன்று குடும்பத்தாரும் முகஞ் சுளித்துத் திரும்பிவிட்டார்களென்றும், அதன் குணங்களை எவ்விதம் வர்ணித்தால் யாரேனும் மனமிரங்கி ஏற்றுக்கொள்வார்கள் என்றும் கேட்டு எழுதியிருந்தாய். வர்ணிக்கவே வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். இந்தப் பணிக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் தவறுகிற இடம் அதுவே; நானும் அங்கேதான் தவறினேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என் பராமரிப்பில் இருந்த ஒரு கறுத்த நாயை, அதற்கு எப்படியாவது ஓர் இல்லம் கிட்ட வேண்டுமென்ற ஆதுரத்தால், ‘நல்ல காவல்நாய், பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ளும்’ என்று வாய் கூசாமல் சொல்லி உப்புவெளியில் ஒரு வீட்டாரிடம் ஒப்படைத்தேன். நாலாம் நாள் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் சீனவெடி கொளுத்தினார்கள்; திறந்திருந்த படலையால் அது ஓடிவிட்டது. நானும் அந்த வீட்டுப் பையனும் விடியலிலும் அந்தியிலுமாகத் தேடி அலைந்து, ஒன்பதாம் நாள் அலஸ்தோட்டத்துக் கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு தோணியின் அடியில், விலா எலும்பு தெரிய அதைக் கண்டோம். அந்த வீட்டார் மீது எனக்கு வருத்தமில்லை. வெடிச் சத்தத்துக்கு மிரளும் பிராணி என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் படலையைச் சாத்தியிருப்பார்கள்.

கூச்சம் ஒரு குற்றமன்று என்பதை முதலில் நீயே உறுதியாக நம்ப வேண்டும். அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னும் ஊரிலிருந்த ஆய்வுகூடத்தார், வேலியடைத்த வெளியில் தாயோடு மட்டும் நாய்க்குட்டிகளை வளர்த்து, வெவ்வேறு வயதில் ஒவ்வொரு கிழமை மட்டும் மனிதரோடு பழகவிட்டுப் பார்த்த பரிசோதனையை 1961இல் வெளியிட்டார்கள். 14 கிழமை வரை மனித ஸ்பரிசமே அறியாதிருந்த குட்டிகள், அதன் பின்பு எவ்வளவு பழக்கியும் காட்டுப் பிராணிகளைப் போலவே அஞ்சி ஒதுங்கின. நம் கட்டாக்காலி நாய்களில் பல, சந்தையடியிலும் மீன்வாடியிலும் பிறந்து, மனிதக் கை என்றால் கல்லெறியும் கை என்ற ஒரே பாடத்தோடு அந்த வயதைக் கடந்தவை. 1990இல் போருக்கு அஞ்சி ஊரை விட்டு ஓடியபோது நாங்கள் வளவுகளில் விட்டுப்போன நாய்களின் வம்சமும் அவற்றுள் கலந்திருக்கும். தருமபுத்திரரைச் சுவர்க்கவாசல் வரை பின்தொடர்ந்த நாயைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். பின்தொடரவே அஞ்சுகிற நாயை ஏற்றுக்கொள்வதற்கு அதைவிட அதிகப் பொறுமை வேண்டும் என்பது என் எண்ணம்.

நம்மவர்கள் நாயைக் கண்டு பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. 1973ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் மாண்டார்கள். தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை 2006இல் அரசு நிறுத்தி, தடுப்பூசியையும் கருத்தடையையும் நம்பத் தொடங்கியது. இன்று அந்த மரணங்கள் ஆண்டுக்குச் சில பத்துகளாகக் குறைந்துவிட்டன. ஆகையால் வருகிறவர்கள் கையில் முதலில் கொடுக்க வேண்டியது நாயின் படம் அன்று, தடுப்பூசி அட்டை. அஞ்சிய நாய் மூலையில் நெருக்கப்பட்டால் கடிக்கும் என்பதையும் அந்த அட்டையோடு சேர்த்தே சொல்லிவிடு.

எத்தகைய வீடு? பெரிய வீடு வேண்டியதில்லை. படலை சாத்திய வளவும், உரத்துப் பேசாத மனிதரும், கூடுமானால் சாந்தமான இன்னொரு நாயும் இருந்தால் போதும். மனிதன் சொல்லிக்கொடுக்க முடியாததை அந்த இன்னொரு நாய் சொல்லிக்கொடுக்கும். சின்னப் பிள்ளைகள் நிறைந்த வீட்டைத் தயக்கமின்றித் தவிர்த்துவிடு. ‘ஐயோ பாவம்’ என்று கண்கலங்குகிறவர்களிடமும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதே. இரக்கத்தோடு வருகிறவர்கள் நன்றியை எதிர்பார்ப்பார்கள், இந்த நாயோ ஆறு மாதமானாலும் வாலாட்டாமல் இருக்கக்கூடும். ‘சரி, இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று சொல்கிறவர் யாரேனும் வந்தால், அவரை விடாதே.

கொடுக்கும் நாளில் அது படுத்த சாக்கை வெளுக்காமல் அப்படியே கூட அனுப்பு. தன் மணமே அதற்குப் பாதி வீடு. ஓட்டோவில் கொண்டுபோகையில் கழுத்துப்பட்டி ஒன்றை மட்டும் நம்பாமல் மார்பிலும் ஒரு வார் பூட்டு. பயத்தில் பின்வாங்கும் நாய் கழுத்துப்பட்டியைக் கழற்றிவிடும். முதல் சில கிழமைகளுக்கு வளவுக்குள்ளேயும் கயிற்றோடுதான். தீபாவளியும் சித்திரை வருஷப்பிறப்பும் கழிந்த பிறகு கொடுப்பது உத்தமம்.

நான் சொன்ன கறுத்த நாயைப் பின்னர், தனியே வாழ்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அதன் குறைகள் அனைத்தையும் கேட்டறிந்தபின் ஏற்றுக்கொண்டார். நாலு மாதம் அவர் அதைத் தொடவில்லை. நாள்தோறும் அந்தியில் விறாந்தையில் பக்கவாட்டாக அமர்ந்து, அதைப் பாராமலே கருவாட்டுத் துண்டொன்றைத் தன் பக்கத்தில் வைத்துவிட்டுப் புத்தகம் படிப்பார். பதினோராண்டு அங்கே இருந்து, வயோதிபத்தால் இறந்தது.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறவர்களைப் பற்றி எழுதியிருந்தாய். அவர்கள் வந்திருக்கும் நேரம் முழுவதும் அது கட்டிலின் அடியிலேயே கிடந்தாலும் இழுத்து வெளியே எடுக்காதே. அவர்களுக்குத் தேநீர் கொடு, உள்ளதைச் சொல், மீண்டும் வரச்சொல்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா