பூட்டாத அலமாரி



பத்து வயதுப் பையன் தானே சோறு போட்டுக்கொள்ள எழுந்தால், "வேண்டாம், கொட்டிவிடுவாய்" என்று கரண்டியைப் பிடுங்குகிறோம். அன்பினால்தான் பிடுங்குகிறோம். அதே பையனுக்குப் பதினாறு வயதானதும், "ஒரு காரியத்துக்கும் லாயக்கில்லை" என்று குறை சொல்லுகிறவர்களும் நாமேதான்.

மரியா மாண்டிசோரி அம்மையார் கண்ட ஒரு சம்பவம் இவ்விஷயத்தில் சிந்திக்கத்தக்கது. 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த இத்தாலிய வைத்தியர் இவரே. 1907-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி, மூன்று இராசாக்கள் திருநாளன்று, உரோமை நகரில் சான் லொரேன்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில் குழந்தைகளுக்கென்று ஓர் இல்லம் திறந்தார். தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் சுவரைக் கிறுக்கித் திரிந்த சுமார் 50 பிள்ளைகள் அங்கே சேர்க்கப்பட்டார்கள். பயிற்சிச் சாமான்களெல்லாம் அலமாரியில் பூட்டியிருக்கும். ஆசிரியைதான் எடுத்துக் கொடுப்பாள், அவளே வாங்கி வைப்பாள்.

ஒரு நாள் அவள் பூட்ட மறந்துபோனாள். மறுநாள் வரவும் தாமதமாயிற்று. வந்து பார்த்தால், கதவு திறந்திருக்கிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு சாமானை எடுத்துப் போகிறார்கள்! திருட்டு என்றே எண்ணித் தண்டிக்கப் பார்த்தாள். அம்மையாரோ வேறுவிதமாகக் கண்டார். தனக்கு எது வேண்டுமென்று பிள்ளைக்கே தெரிந்திருக்கிறது, தெரிந்தெடுக்கவும் முடிகிறது என்றார். அதன்பின் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில், பூட்டில்லாத அலமாரிகள் வந்தன.

பிள்ளைகளின் கையில் கண்ணாடியையும் பீங்கானையும் துணிந்து கொடுப்பது இவருடைய முறை. உடைகிற சாமான் தானே ஜாக்கிரதையைக் கற்பிக்கும். தகரத் தட்டு எத்தனை தரம் விழுந்தாலும் ஒன்றும் கற்பிக்காது.

ஆனால் நம்பிக்கை வேறு, கவலையீனம் வேறு. கிணற்றடியையும் லாரி ஓடும் ரஸ்தாவையும் சிறு பிள்ளையின் புத்திக்கு விட்டுவிடலாகாது. மற்றக் காரியங்களில், முதலில் நிதானமாகச் செய்து காட்டி, பிறகு கையை எடுத்துக்கொள்ள வேண்டும். கடைக்கு அனுப்புவதானால் முதல் தரம் கூடப் போங்கள். இரண்டாம் தரம் தெருமுனையில் நில்லுங்கள். மூன்றாம் தரம் வீட்டிலேயே இருங்கள். (இந்த மூன்றாம் தரம் பிள்ளைக்கு அல்ல, தாய்க்குத்தான் கஷ்டம்.)

பாஸ்குத் திருநாள் முடிந்து திரும்பும்போது, பன்னிரண்டு வயதுச் சேசுபாலன் கூட்டத்தோடு வருகிறார் என்றெண்ணி, மாதாவும் சூசையப்பரும் ஒரு நாள் பயணம் நடந்ததாக அர்ச். லூக்காஸ் எழுதுகிறார். கைப்பிடித்து நடத்திப் போகவில்லை. மூன்று நாள் துயரத்தோடு தேடியதையும் அவர் மறைக்கவில்லை. கண்டபோது தாய் ஏன் என்று கேட்டாள். கிடைத்த பதில் அவர்களுக்கு விளங்கவுமில்லை.

ஆகையால் மீதிக் காசில் ஐந்து ரூபாய் குறைந்தால், கை ஓங்குமுன் கேளுங்கள். சொல்வது முழுதும் விளங்காவிட்டாலும் கேளுங்கள். மறுநாள் கடைக்குப் போக வேண்டியிருந்தால், தம்பியை அல்ல, அதே பிள்ளையை அதே பையோடு அனுப்புங்கள்.