பாட்டு ஏன் கிழிகிறது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

கல்யாண வீட்டிலோ கோயில் கொடையிலோ ஒலிபெருக்கி சரியாகப் பாடாவிட்டால் நம் மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஒருவர் "பாட்டு கிழியுது" என்பார். மற்றொருவர் "மூக்கடைச்ச மாதிரி இருக்கு" என்பார். "தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கே" என்பார் இன்னொருவர். இவை ஒரே குறைக்கு வழங்கும் மூன்று பெயர்கள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் இவை வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காரணங்களால் விளையும் மூன்று குறைகளாகும். பாடநூல் இவற்றையெல்லாம் 'உருத்திரிபு' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறது. ஊர்க்காது அதைவிட நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறது என்பது என் கருத்து.

இதைப் பற்றி எழுத எனக்கு ஓரளவு உரிமை உண்டு. என் அப்பா ரேடியோ செட் கட்டும் தொழில் செய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆனால் குழாய் ஒலிபெருக்கியை மரத்தில் ஏற்றிக் கட்டவும், ஆம்ப்ளிஃபையரின் பின்னால் வயர் சொருகவும் பள்ளிப் பருவத்திலேயே பழகிவிட்டேன்.

ஒலி என்பது காற்றின் அழுத்தம் கூடிக் குறைவது. அதை எண்களாக மாற்றி வைப்பதே டிஜிட்டல் முறை. 1982-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த குறுந்தட்டில் ஒரு நொடி இசை 44,100 இடங்களில் அளக்கப்படுகிறது. ஓர் அலையைப் பிழையின்றித் திரும்பப் பெற, அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் அளந்தால் போதும். 1928-இல் நைக்விஸ்ட் காட்டிய வழியில் வந்து 1949-இல் ஷானன் தெளிவாக நிறுவிய தேற்றம் இது. மனிதச் செவியின் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். ஆகவே 44,100 போதுமானது. ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளில் எழுதப்படுவதால் 65,536 படிநிலைகள் கிடைக்கின்றன. இடம், வலம் இரண்டையும் சேர்த்தால் நொடிக்கு 14,11,200 பிட்டுகள்.

'மூக்கடைப்பு' எளிதில் விளங்கக்கூடியது. பழைய தொலைபேசி முறையில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மட்டும் அனுப்பினார்கள். பேச்சு புரியும், குரலின் கனமும் மினுமினுப்பும் போய்விடும். அடியும் முடியும் வெட்டப்பட்ட ஒலி அது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

'கிழிதல்' அப்படிப்பட்டதன்று. 16 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. பாட்டில் ஓரிடத்தில் அளவு 20,000 என்று கொள்வோம். கைபேசியில் 'பாஸ்' பட்டையை 6 டெசிபெல் உயர்த்துகிறோம். 6 டெசிபெல் என்றால் அலையின் வீச்சு ஏறத்தாழ இரு மடங்கு. 20,000 என்பது 40,000 ஆக வேண்டும். ஆனால் எழுத இடமில்லை. அதற்கு மேற்பட்ட எல்லாமே 32,767 என்று ஆகிவிடும். மலையின் உச்சியை அரிவாளால் சீவியதுபோல் அலையின் தலை மட்டமாகிவிடுகிறது. ஆம்ப்ளிஃபையரிலும் இதே கதைதான். அங்கே எல்லை வைப்பது எண்ணன்று, மின்வழங்கியின் வோல்ட்டளவு.

பேராசிரியரின் அனுமதியுடன் அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தேன். 1,000 ஹெர்ட்ஸ் சைன் அலையைச் செலுத்தி, வெளிவருவதை அலைகாட்டியில் பார்த்தோம். திருகைத் திருகத் திருக அலை உயர்ந்துகொண்டே போயிற்று. ஒரு கட்டத்துக்குப் பிறகு உயரவில்லை. தலையும் அடியும் தட்டையாகத் தொடங்கின. அதே கணத்தில் ஒலிபெருக்கியில் அந்தக் கிழிசல் கேட்டது! பல ஆண்டுகளாகக் காதால் கேட்டதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மட்டமான அலை ஏன் கிழிகிறது? ஃபூரியரின் வழியில் பார்த்தால், இரு பக்கமும் சமமாகத் தலை சீவப்பட்ட 1,000 ஹெர்ட்ஸ் அலைக்குள் 3,000, 5,000, 7,000 என்று ஒற்றைப்படை மடங்குகள் புதிதாக முளைத்துவிடுகின்றன. பாடகர் பாடாத ஒலிகள் இவை. நம் செவி மிகக் கூர்மையாகக் கேட்பதோ 3,000, 4,000 ஹெர்ட்ஸ் அருகில்தான். குழாய் ஒலிபெருக்கியும் அங்கேதான் ஓங்கிக் கத்தும். போதாததற்கு, சைன் அலை முற்றிலும் சதுர அலையாகிவிட்டால் அதே உச்சத்தில் அதன் திறன் இரு மடங்காகும். குழாயின் அடியிலுள்ள யூனிட்டின் மெல்லிய கம்பிச்சுருள் அந்தச் சூட்டைத் தாங்காது. "இன்னும் கொஞ்சம் சத்தம் வைங்கண்ணே" என்ற அன்பான வேண்டுகோளுக்கு எங்கள் வீட்டில் எத்தனையோ யூனிட்டுகள் எரிந்திருக்கின்றன.

சில வேளைகளில் கிழிசல் இசைத்தட்டிலேயே பதிந்து வருவதும் உண்டு. மெல்லிய பகுதிகளையும் உரத்த பகுதிகளையும் ஒரே உயரத்துக்கு அமுக்கிவிட்டால் பாட்டு எடுப்பாகக் கேட்கும் என்பது இசை நிறுவனங்களின் கணக்கு. மெட்டாலிக்கா என்ற அமெரிக்கக் குழுவின் 2008-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பு ஒன்று இவ்வாறு நசுக்கப்பட்டதாக இரசிகர்களே கண்டித்தார்கள். அதே பாடல்கள் ஒரு கணினி விளையாட்டில் நசுக்கப்படாமல் வெளிவந்திருந்ததால் வேறுபாடு வெளிப்பட்டுவிட்டது.

இனி மூன்றாவது, 'தண்ணீருக்குள் பாடுவது'. இது டிஜிட்டல் காலம் தந்த குறை. குறுந்தட்டின் கணக்குப்படி ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 53 மெகாபைட் வேண்டும். அதையே நொடிக்கு 1,28,000 பிட் அளவுள்ள எம்.பி.3 கோப்பாக்கினால் 5 மெகாபைட்டுக்கும் குறைவு; பதினொன்றில் ஒரு பங்கு. மீதி பத்துப் பங்கு எங்கே போயிற்று?

தவில் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் கிசுகிசுப்பது நமக்குக் கேட்பதில்லை. ஓர் உரத்த ஒலி, தன் அதிர்வெண்ணுக்கு அருகிலுள்ள மெல்லிய ஒலிகளை மறைத்துவிடுகிறது. குறிப்பாகத் தனக்கு மேலுள்ளவற்றை. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலுள்ள ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் பிராண்டன்பர்க் முதலியோர் உழைத்து உருவாக்கிய எம்.பி.3 முறையின் அடித்தளம் இதுவே. மறைந்துபோகும் பகுதிகளுக்கு எதற்கு வீணாகப் பிட்டுகள் என்று அவற்றை முரட்டுக் கணக்கில் எழுதிவிடுகிறது. அதனால் ஓர் இரைச்சல் உண்டாகும். அதுவும் உரத்த ஒலியின் நிழலிலேயே மறைந்துவிடும். செவியின் பலவீனத்தை இவ்வளவு அழகாகப் பயன்படுத்திய முறை வேறில்லை. பிட்டுகளை அளவுக்கு மீறிக் குறைத்தால்தான் இரைச்சல் நிழலைத் தாண்டித் தலை நீட்டும். ஜால்ராவின் 'சிங்' என்ற ஓசை கரைந்து சலசலப்பாகிவிடும்.

இவ்விடத்தில் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். ஒரு கல்யாண வீட்டில் பலருடைய கைபேசிகளில் காணொளியாகச் சுற்றிவந்த பாட்டு ஒன்றைக் கொடுத்து, அதைத்தான் போட வேண்டும் என்றார்கள். போட்டதும் தண்ணீருக்குள் முங்கிய குரல். "செட்டு சரியில்லை. இயர்போன்ல நல்லாத்தானே கேட்டுச்சு?" என்று சொல்லி, பேசிய பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். என் தேர்வுக் கட்டணத்துக்கென்று நினைத்திருந்த பணம் அது. அப்பாவுக்குக் குறை செட்டில் இல்லை என்று தெரியும்; அதை எடுத்துச் சொல்லத்தான் சொல் இல்லை.

அந்தச் சொல் இதுதான். காணொளியாக அனுப்பும் ஒவ்வொரு முறையும் பாட்டு பெரும்பாலும் புதிதாகச் சுருக்கப்படுகிறது. முன்பு விழுந்த இரைச்சலையும் இசை என்றே எண்ணி அடுத்த சுருக்கம் கணக்கிடும். குறைகள் கூடுமே தவிரக் குறையா. அதைப் பிறகு 320 கிலோபிட் கோப்பாக மாற்றுவது, சாயம் போன சேலையைப் பெரிய பெட்டியில் மடித்து வைப்பதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் இயர்போனில் எப்படி நன்றாகக் கேட்டது? இது எனக்கு நெடுநாள் புதிராக இருந்தது. சுருக்கும் முறை, கேட்பவர் எல்லா ஒலிகளையும் அதனதன் அளவில் கேட்பார் என்று நம்பியே இரைச்சலை ஒளித்து வைக்கிறது. இயர்போன் கீழ் ஒலிகளைத் தருகிறது. அவை தமக்கு மேலுள்ள இரைச்சலை மறைத்துவிடுகின்றன. குழாய் ஒலிபெருக்கியோ கீழ் ஒலிகளைத் தராது. மறைப்பவர் போய்விட்டார், ஒளிந்திருந்தவர் வெளியே நிற்கிறார்! அதையும் ஊர் முழுக்கக் கேட்கும்படி பெருக்கிக் காட்டியதுதான் அப்பா செய்தது.

இதற்கு நம்மால் செய்யக்கூடியது எளிது. பாட்டைக் காணொளியாக அனுப்பாமல் மூலக் கோப்பையே ஆவணமாக அனுப்பலாம், அது சுருக்கப்படுவதில்லை. புளூடூத்தில் போடும்போது ஒலி மறுபடியும் ஒருமுறை சுருக்கப்படுவதால், கம்பி வழியாக இணைப்பது நல்லது. வீட்டுப் பெரியவர்களின் குரலைப் பதிந்து வைத்திருப்போர் முதல் பதிவை அழித்துவிடாமல் வைத்திருக்க வேண்டும். சுற்றி வரும் படி எத்தனை இருந்தாலும் அந்த முதல் பதிவுக்கு ஈடாகாது.

கிழிசலுக்கும் இதே நீதிதான்: எந்த நிலையில் தலை சீவப்பட்டதோ, அதற்குப் பிந்திய எந்தத் திருகாலும் அதைச் சரிசெய்ய முடியாது. நாதசுரக் கச்சேரியில் மைக்கை வாத்தியத்தின் அணைசுக்கு நேராக ஒட்டி வைத்தால், ஆம்ப்ளிஃபையரின் முதல் படியிலேயே அலை மட்டமாகிவிடும். பிறகு சத்தத்தைக் குறைத்தால் சிறிய கிழிசல் கேட்கும், அவ்வளவே. திறந்த வெளியில் அரையடியில் இருந்த மைக்கை ஓரடிக்குத் தள்ளினால் ஒலியழுத்தம் ஏறத்தாழப் பாதியாகும். இரண்டடிக்குத் தள்ளினால் கால் பங்கு. அப்பா சூத்திரம் எதுவும் எழுதுவதில்லை. நாதசுரக்காரர் சீவாளியை நனைத்து ஊதிப் பார்க்கும் அந்த முதல் ஓசையிலேயே எழுந்து போய் மைக் ஸ்டாண்டைத் தூக்கித் தள்ளி வைத்துவிடுகிறார்.