மூன்றாவது பேட்டரி வாங்குமுன்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மாருதி 800-க்கு ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி போட்டுவிட்டீர்கள், இரண்டாவதும் டவுன் ஆகிவிட்டது, கடையில் இன்னொன்று வாங்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். இரவில் சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் மங்குகிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தெளிகிறது, டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு லேசாகச் சிவந்து தெரிகிறது என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறதே, கோளாறு அங்கேதான் இருக்கிறது. பேட்டரியைக் கொன்றது பெரும்பாலும் ஆல்டர்னேட்டர்தான்.

செல்ஃப் அடித்து வண்டி கிளம்பும்வரைதான் பேட்டரியின் வேலை. அதற்குப் பிறகு விளக்கு, வைப்பர், இக்னிஷன் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருவதும், பேட்டரி செலவழித்ததைத் திரும்ப நிரப்புவதும் ஆல்டர்னேட்டர். (பழைய ஒர்க்‌ஷாப்களில் டைனமோ என்பார்கள்.) அது நின்றுபோனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஹெட்லைட் மட்டுமே 9 ஆம்பியர் இழுக்கும். மழை இரவென்றால் வைப்பர், ஃபேன், இக்னிஷன் எல்லாம் சேர்ந்து 15, 20 ஆம்பியர். உங்கள் வண்டியில் இருப்பது சுமார் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. புத்தம் புதிதாக இருந்தாலும் இரண்டு மணி நேரம் தாங்குவதே கஷ்டம். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகும்போது, லாரிகளுக்கு நடுவே, விளக்கில்லாமல் வண்டி நிற்கக்கூடாது. நான் இவ்வளவு நீளமாக எழுதுவது அதற்காகத்தான்.

முதலில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். இரவு முழுக்க ஓய்ந்திருந்த வண்டியில், காலையில் பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. இனி எஞ்சினை ஓடவிட்டு, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடிக்க இன்னொருவரிடம் சொல்லி அளந்தால் 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் வர வேண்டும். ஹெட்லைட்டும் ஃபேனும் போட்ட பிறகும் 13.5-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். எஞ்சின் ஓடியும் 12.4 என்று காட்டிக் கீழே இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அது பேட்டரியைக் கொதிக்க வைத்தே முடித்துவிடும்.

அந்த மங்கலான சிவப்பு விளக்கு முக்கியமான சாட்சி. அதன் ஒரு பக்கம் பேட்டரி, மறுபக்கம் ஆல்டர்னேட்டர். இரு பக்கமும் வோல்டேஜ் சமமானால் அணைந்துவிடும். அரைகுறையாக எரிந்தால் சின்ன வித்தியாசம் நிற்கிறது என்று பொருள். ஆல்டர்னேட்டருக்குள் பிறப்பது மூன்று ஃபேஸ் ஏசி. டயோடுகள்தான் அதை டிசி ஆக்குகின்றன. அவற்றில் ஒன்று போயிருந்தாலும் இப்படித்தான் எரியும். மீட்டரை ஏசியில் வைத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடைச் சந்தேகிக்கலாம். இன்னொன்று: சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் இருக்கும்போது இந்த விளக்கு நன்றாக எரிய வேண்டும். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரை எழுப்பும் முதல் கரண்ட் இந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனதற்காக நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றியவர்கள் உண்டு.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைப் பிடுங்கி "டெஸ்ட்" செய்யும் பழக்கம் இன்னும் இருக்கிறது. யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அந்த நொடியில் வோல்டேஜ் பல மடங்கு எகிறும். உங்களுடையது எம்பிஎஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டியானால் எஞ்சின் கம்ப்யூட்டரே போய்விடலாம்.

ஆல்டர்னேட்டரைக் கழற்றுமுன் பெல்ட்டையும் ஒயரையும் பார்த்துவிடுங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் அமுங்கலாம், அதற்கு மேல் என்றால் தளர்வு. உங்கள் வண்டியில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். சுழலும் பெல்ட்டிலிருந்து கையையும் துணியையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ அரிப்போ தளர்வோ இருக்கிறது. எர்த் பக்கத்தையும் அப்படியே பாருங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கியதும் சரியான வண்டிகள் நிறைய.

இதெல்லாம் சரியாக இருந்தும் சார்ஜ் இல்லையென்றால் கழற்றத்தான் வேண்டும். மோதிரம், வாட்ச், செயினைக் கழற்றி வையுங்கள். பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் எடுங்கள். ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரில் சாவி போடாதபோதும் கரண்ட் இருக்கும். ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும், விரல் வெந்துவிடும். ஒயர்களை போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். அட்ஜஸ்ட் போல்ட்டையும் பிவட் போல்ட்டையும் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கம் தள்ளினால் பெல்ட் கழன்றுவிடும். துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின இரவே எண்ணெய் விட்டு வையுங்கள். வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்ட் போடுங்கள்.

கழற்றியதும் புதிதுக்கு ஓடாதீர்கள். கார்பன் பிரஷ் மட்டும் தேய்ந்திருக்கலாம். பேரிங், ரெகுலேட்டர்கூடத் தனியாகக் கிடைக்கும். ஆல்டர்னேட்டரைப் பிரித்துச் சரிசெய்யும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் நம் சிற்றூர்களிலும் இருக்கிறார். புதிதே வாங்கினால் புல்லி, காது, கப்ளர், ஆம்பியர் நான்கையும் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்தே காசு கொடுங்கள்.

மாட்டும்போது பின்பக்க அலுமினிய மூடியில் கம்பியை வைத்து நெம்பாதீர்கள், விரிசல் விடும். பெல்ட்டை அளவுக்கு மேல் இழுத்தால் பேரிங்கும் வாட்டர் பம்ப்பும் சீக்கிரம் போகும். மைனஸ் முனை கடைசியில். ஸ்டார்ட் செய்யுமுன் பேட்டரியைச் சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றுங்கள். செத்த பேட்டரியை நிரப்பும் வேலையைப் புது ஆல்டர்னேட்டர் தலையில் கட்டினால் அது சூடேறியே பழுதாகும். முதல் சில நாள் பகலில் மட்டும் ஓட்டுங்கள். புது பெல்ட் போட்டிருந்தால் அதற்குள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு இன்னொரு முறை இறுக்கிவிட்டு, மீட்டர் என்ன காட்டுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.