வீட்டுக் கணினி உள்ளே விடாவிட்டால்

கடைக் கணக்கெல்லாம் புளியங்கூடல் வீட்டுக் கணினியில். நீங்கள் சரக்கெடுக்கக் கொழும்பில் நிற்கிறீர்கள். யாரிடம் எவ்வளவு பாக்கி என்று பார்க்க ரிமோட் டெஸ்க்டொப்பில் நுழைந்தால், ‘கடவுச்சொல் பிழை’ என்கிறது. இப்படிப் பதில் வந்தாலே இணைப்பு வீடுவரை போய்விட்டது என்று அர்த்தம். ரவுட்டரைத் திட்ட வேண்டாம்.

வீட்டில் ‘பின்’ இலக்கம் அடித்துத் திறந்து பழகியவர்கள் இங்கும் அதையே அடிப்பார்கள். அது கணினியின் முன்னால் இருப்பவருக்கு மட்டுமே. மைக்ரோசொப்ட் கணக்கென்றால் முழு மின்னஞ்சல் முகவரியும் அதன் கடவுச்சொல்லும் வேண்டும். கடவுச்சொல்லே வைக்காத கணக்கை விண்டோஸ் தூரத்திலிருந்து உள்ளே விடாது. அது குறையல்ல, காவல். மகனுடைய சாதாரணக் கணக்கென்றால் அனுமதிப் பட்டியலில் அதன் பெயரைச் சேர்க்க வேண்டும்.

பதிலே வராவிட்டால் மின்சாரம் நின்றிருக்கலாம், கணினி உறங்கியிருக்கலாம். ‘ஹோம்’ பதிப்பென்றால் முயற்சியே வீண்; ‘புரோ’ தேவை.

அவசரத்துக்கு ரவுட்டரில் 3389ஆம் வாசலை உலகுக்கே திறந்து வைப்பவர்களும் உண்டு. கடைச் சாவியைத் தெருவில் தொங்கவிடுவதுபோல! 2019 மே மாதம், ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசொப்ட் திருத்தம் வெளியிட நேர்ந்தது இந்தச் சேவையில் கண்ட ஓட்டையால்தான். விபிஎன் வழியாகவே நுழையுங்கள். பயணத்துக்கு முதல்நாள், வைஃபையை அணைத்து, கைபேசி டேட்டாவில் ஒருதடவை நுழைந்து பாருங்கள்.